பெரிய தட்டு, சின்னத் தட்டு

அடுக்கம்,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி தமயந்திக்கு,

அக்கா ஆக்ஸிலியா எழுதுகிறேன். சின்னம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கிளிநொச்சியில் மழை விட்டதா? இங்கே நானும் கேத்தரினும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன வாரம் பெருமாள்மலைக்குப் போய் உனக்கு ஃபோன் போட்டேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. "எழுதுங்க அக்கா. எழுதினா நாலு தரம் வாசிச்சு, யோசிச்சுப் பதில் சொல்லுவன்" என்றாய். மழையில் சாய்ந்த ஃபோன் டவரை இங்கே இன்னும் நிமிர்த்தவில்லை. அதனால் எழுதுவதுதான் சரி. என் அம்மா கப்பலேறி இந்தியா வந்த பிறகு, அங்கேயே தங்கிவிட்ட உன் அம்மாவோடு கடிதத்தில்தானே கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் மழையில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே இருக்கும் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தோட்டத்துக்குள் திரும்பினால் செடியோடு மண்ணும் போய்விடும் என்று, உன் அத்தான் ராபின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பினார். "காப்பியைப் போடு, வந்துருதேன்" என்றார். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, லாரியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால் வாய்க்கால் இல்லை. மாட்டுக் கொட்டகை இல்லை. கொட்டை காயவைக்கும் ஷெட் இல்லை. ஓடை வரைக்கும் செம்மண்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஜேசிபி இறங்க வழியில்லை. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார்கள். மறுபடி மழை பிடித்து மண் நகர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு. ராபின் மண்ணுக்குள் போனதை யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம். குமுளி பஸ் ஸ்டாண்டில் அவர் மாதிரி ஒருவர் நின்றாராம். அது கேத்தரின் காதுக்கும் போய்விட்டது. பதிமூன்று வயதுப் பிள்ளை, அதைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் அப்பாவுக்காகப் பூசை வைத்தபோது பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் அவரைக் கண்டுபிடிக்கப் போகிறேன் தமயந்தி. மண்ணுக்குள் இருக்கும் இரும்பைத் தேடுவது உன் தொழில். கண்ணிவெடி எடுக்கிற நீ சொல்லு. என்ன மிஷின் வாங்க வேண்டும்?

சின்னம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா,
ஆக்ஸிலியா


கிளிநொச்சி,
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா சமைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவின் மூட்டு பரவாயில்லை, உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் நல்ல சுகம். காலையில் இருட்டோடு லொறி ஏறினால் மத்தியானம் வரை முழங்காலில்தான் வேலை. பழகிவிட்டது.

மிஷின் பற்றி நான் சொல்வதற்கு முந்தி நீங்கள் எனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். அத்தான் உடம்பில் என்ன உலோகம் இருந்தது? மோதிரம், பெல்ட், சாவி, எதுவானாலும் எழுதுங்கள். மண் சரிந்து எங்கே போய் நின்றது? அந்த மண்ணுக்குள் வேறு என்ன சாமான்கள் போயின? கொட்டகைக்கு ஆணி அடித்திருந்ததா, கம்பி கட்டியிருந்ததா?

இதெல்லாம் தெரியாமல் மிஷின் வாங்க வேண்டாம். மிஷின் இரும்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது என்ன இரும்பு என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கா, இன்னொன்று. கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டீர்களா? யோசித்துவிட்டுத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். இதை இனி நான் கேட்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கேத்தரினைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி,
தமயந்தி


அடுக்கம்,
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. அதற்குள் மிஷின் வாங்கிவிட்டேன். திட்டாதே. காப்பிக் கொட்டையை மதுரையில் போட்டுவிட்டு, அப்படியே விசாரித்துக் கடைக்குப் போனேன். நீளக் கம்பு, அடியில் சோற்றுத் தட்டைவிடப் பெரிய வட்டத் தட்டு ஒன்று. "தட்டு பெருசா இருந்தா ஆழமா பாக்கும்மா, ஒரே வீச்சுல நெறைய எடமும் பாக்கும். சின்னத் தட்டு எல்லாம் வெளையாட்டுப் பிள்ளைகளுக்கு" என்றார் கடைக்காரர். ஆணி மாதிரி குப்பை இரும்புக்கெல்லாம் கத்தாமல் இருக்க ஒரு பொத்தானையும் அமுக்கிக் கொடுத்தார்.

நீ கேட்டதற்குப் பதில். கல்யாண மோதிரத்தைத் தோட்ட வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுவார். அது என்னிடம் இருக்கிறது. பெல்ட்டில் பக்கிள் உண்டு. கையில் கடப்பாரை. பிறகு ஒன்று, நான் மறந்தே போயிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜீப் கவிழ்ந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. வத்தலக்குண்டில் பிளேட் வைத்தார்கள். ஸ்டீல் பிளேட், ஸ்குரு எல்லாம் உள்ளேயே இருந்தது. குளிர் காலத்தில் அது குடைகிறது என்பார்.

மண் ஓடை வரைக்கும் போய் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. கொட்டகைத் தகரம், ஷெட்டின் ஆணி, முள்கம்பி எல்லாம் அதற்குள்தான். அடிப்பக்கம் ஃபாரஸ்ட் எல்லை. அங்கே வாச்சர் வேலுச்சாமி வந்து நின்றார். "ஏம்மா, புதையல் எடுக்கிறீகளாமே?" என்றார். "ஆமாங்க, என் புருஷனைத்தான்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ரேஞ்சரிடம் மனுக் கொடுக்கச் சொல்லி அவரே கூட வந்தார். மழைக்காலம் தொடங்கும்வரை தேடலாம் என்று அனுமதி. அதற்கு மேல் மண் நிற்காது, யாரையும் விட மாட்டோம் என்றார்கள்.

உன் அத்தானின் தம்பி பென்சனுக்கு இது பிடிக்கவில்லை. "போனவரு போயிட்டாரு மதினி. நீங்களும் அந்தச் சரிவுல போயிராதீங்க" என்கிறார். கேத்தரின் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மண்ணுக்குள்ள தேடாதீங்கம்மா. மண்ணுக்குள்ள தேடினா மண்ணுக்குள்ளதான கெடைப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சின்னம்மாவைத் தரையில் உட்காரவிடாதே.

அக்கா,
ஆக்ஸிலியா


கிளிநொச்சி,
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கு இடுப்பு வலி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மிஷினைக் கையால் ஆட்டாமல் உடம்போடு திரும்பி ஆட்டினால் வலி குறையும்.

திட்டவில்லை. பெரிய தட்டு வாங்கியது பிழையில்லை, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பெரியது ஆழம் பார்க்கும், அகலமாகப் பார்க்கும். கடப்பாரை மாதிரி பெரிய சாமான் கீழே கிடந்தால் அதுதான் சொல்லும். ஆனால் ஆணி இறைந்த இடத்தில் அதற்குக் கண் தெரியாது. தட்டுக்குக் கீழே பத்து ஆணி கிடந்தால் பத்தையும் சேர்த்து ஒரே சத்தமாகச் சொல்லும். அதற்கு நடுவில் அத்தானுடைய பிளேட் கிடந்தாலும் உங்களுக்குக் கேட்காது.

முதலில் அந்தப் பொத்தானை அணையுங்கள். குப்பைக்குக் கத்தாத மிஷின் பிளேட்டுக்கும் கத்தாமல் போகலாம். நாங்கள் எல்லாச் சத்தத்தையும் கேட்போம். கேட்டுவிட்டுத்தான் குப்பை என்று சொல்வோம்.

அடுத்தது, பிளேட் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போய், யாருக்காவது கழற்றின பழைய பிளேட் ஒன்று கேளுங்கள். அதை வீட்டுப் பக்கம் சுத்தமான மண்ணில் புதையுங்கள். மேலே தட்டை ஆட்டி, அந்தச் சத்தம் காதில் ஏறும்வரை கேளுங்கள். இங்கே எந்தப் புது ஆளையும் இப்படித்தான் பழக்குகிறோம்.

பிறகு சரிவில் கயிறு கட்டிப் பாதை பிரியுங்கள். ஒரு பாதை முடியாமல் அடுத்ததில் கால் வைக்க வேண்டாம். பாரமான சாமான் சேற்றோடு எங்கே ஓடியிருக்கும் என்று பாருங்கள். பழைய தண்ணீர்த் தடத்தில்தான் அதிகம் போகும். நாங்கள் வெடி எடுக்கும் முகமாலைப் பக்கம் போன வெள்ளத்தில் சாமான்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. துப்புரவு செய்து முடித்த பாதையிலும் இப்போது பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறோம்.

கேத்தரின் பேசாவிட்டாலும் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தங்கச்சி,
தமயந்தி


அடுக்கம்,
13 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இடுப்பு வலி நீ சொன்னபடி குறைந்திருக்கிறது. உங்கள் இருவருக்கும் புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

கடப்பாரை கிடைத்துவிட்டது!

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் முதலில் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் வயதான நர்ஸம்மா உள்ளே போய், ஒரு பழைய பிளேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ஆரஞ்சு மரத்தடியில் புதைத்துப் புதைத்துக் கேட்டேன். பெரிய தட்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஆழத்தில்கூட அதைச் சொல்லிவிடுகிறது. மெல்லிய, கீச்சென்ற சத்தம். கனவில்கூட அது கேட்கிறது.

பிறகு சரிவில் பாதை பிரித்து இறங்கினேன். பழைய ஓடைத் தடத்தின் வளைவில் பெரிய தட்டு அடித்தொண்டையில் கத்தியது. தோண்டத் தோண்டச் சத்தம் கூடியது. என்னால் தனியாக முடியவில்லை. பென்சனைப் போய்க் கூப்பிட்டேன். முனகிக்கொண்டே வந்தார். இடுப்பளவு குழி. கடப்பாரையின் முனையைப் பார்த்ததும் அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அது அவர்கள் அப்பா காலத்துக் கடப்பாரை, தலைப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். "அண்ணன் இதைக் கைய விட்டு விட மாட்டாரு மதினி" என்று அழுதார். மறுநாள் நான் போகும் முன்பே மண்வெட்டியோடு அங்கே நின்றார்.

ஊர்க்காரர்கள் கடப்பாரையைப் பார்த்துவிட்டு, "கடப்பாரையைப் போட்டுட்டுப் போயிருக்கலாமே" என்கிறார்கள். கேத்தரினும் அதையே சொன்னாள். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனிமேல்தான் கஷ்டம். கடப்பாரை கிடைத்த இடத்தைச் சுற்றித்தான் ஷெட் முழுவதும் நொறுங்கிக் கிடக்கிறது. பெரிய தட்டை வைத்தால் ஓயாத இரைச்சல். கருங்கல் சிலதுகூடக் கத்துகிறது. என்ன செய்ய? வெரசாப் பதில் போடு.

அக்கா,
ஆக்ஸிலியா


அடுக்கம்,
25 மே 2025

அன்புத் தங்கச்சி தமயந்திக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பெருமாள்மலையிலிருந்து இரண்டு தடவை ஃபோன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை. சின்னம்மாவின் ஃபோனை யாரோ பக்கத்து வீட்டுப் பெண் எடுத்து, "எல்லாரும் சுகந்தான், அம்மா வெளிய போயிருக்கா" என்று வைத்துவிட்டாள். எங்கே போனார்கள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு?

என் கடிதத்தில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உனக்கும் உன் சோலி இருக்கிறது. எந்நேரமும் என் பாட்டையே பாடுகிறேன்.

இங்கே ஒரு ஆணி விடாமல் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு வாளி பொறுக்கினால் அடியில் இன்னொரு வாளி இருக்கிறது. பென்சன் தோண்டிக்கொண்டே இருக்கிறார். நேற்று நான் மிஷினைத் தரையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். காலையில் எழுந்து, துடைத்து, மறுபடி எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு வரி எழுது. மிஷினைப் பற்றி வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

அக்கா,
ஆக்ஸிலியா


யாழ்ப்பாணம்,
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. கொஞ்ச நாளைக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், அம்மாவும் கூட இருக்கிறார். என் ஃபோன் உடைந்துவிட்டது. வேறொன்றுமில்லை. இங்கே சாப்பாடு நல்லது. நேரமும் நிறையக் கிடைக்கிறது. அதனால் உங்கள் சரிவைப் பற்றி நன்றாக யோசித்தேன்.

பெரிய தட்டைக் கழற்றி வையுங்கள். அதன் வேலை முடிந்தது. எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. இனி சின்னத் தட்டு வாங்குங்கள், கையை விரித்த அளவுக்கு மேல் வேண்டாம். அது ஆழம் பார்க்காது. ஒரு சாண் பார்த்தால் பெரிய விஷயம். ஆனால் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் அது நுழையும், கல் இடுக்கிலும் போகும். பெரியது சந்தை இரைச்சலைக் கேட்கும். சின்னது அதற்குள் ஒரு ஆள் பேசுவதைக் கேட்கும்.

ஆழம் பார்க்காததற்கு ஒரே வழிதான் உண்டு. ஒரு சாண் மண்ணை எடுங்கள், சின்னத் தட்டால் முழுக்கக் கேளுங்கள், பிறகு அடுத்த சாண் எடுங்கள். சரியான கஷ்டமான வேலைதான். வேறு வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். அந்தப் பழைய பிளேட்டைப் புதைத்து, மேலே உங்கள் ஆணிகளை இறைத்து, இரண்டு தட்டாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. தொடர்ந்து எழுதுங்கள் அக்கா. உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

தங்கச்சி,
தமயந்தி


அடுக்கம்,
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. ஆனால் அது ஏன் அப்படிச் சாய்ந்து கிடக்கிறது? காய்ச்சலா? யாழ்ப்பாணத்தில் உனக்கு என்ன வேலை? சின்னம்மா வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் போகாதவளாயிற்றே.

நீ சொன்னபடி சின்னத் தட்டு வாங்கிவந்து சோதித்தேன். பென்சனும், வாச்சர் வேலுச்சாமியும் பக்கத்தில் நின்றார்கள். ஆரஞ்சு மரத்தடியில் பிளேட்டை ஒரு சாணுக்கும் குறைவாகப் புதைத்து, மேலே ஒரு கை ஆணியை இறைத்தோம். பெரிய தட்டை ஆட்டினேன். ஒரே இரைச்சல், எது எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. சின்னத் தட்டை மாட்டி ஆட்டினேன். டொக், டொக் என்று ஆணி. நடுவில் அந்தக் கீச்சுச் சத்தம், தனியாக. வேலுச்சாமி, "ஏலே, பாப்பா சிணுங்குற மாதிரில்ல கேக்குது" என்றார். பிறகு இன்னும் ஆழமாகப் புதைத்துப் பார்த்தோம். சின்னத் தட்டு ஊமையாகிவிட்டது. ஆழத்தில் பெரியதுதான். நீ சொன்னது இரண்டும் சரி.

"இந்தச் சின்னதை வச்சு எப்ப மதினி முடிக்கிறது? மழை வந்துருமே" என்றார் பென்சன். "வர்றதுக்குள்ள முடிப்போம். முடியலேன்னா அடுத்த வருஷமும் ரேஞ்சர்கிட்ட போய் நிப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாண் சாணாக எடுக்கிறோம். போன வாரம் பெல்ட் பக்கிள் கிடைத்தது. அவருடையதுதான்.

போன சனிக்கிழமை கேத்தரின் வந்தாள். சரிவுக்கு வரவில்லை. மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது, "அந்த மிஷின் ஹெட்ஃபோனைப் போட்டா என்னம்மா கேக்கும்?" என்றாள். அவள் தலையில் மாட்டிவிட்டு, பழைய பிளேட்டின் மேல் தட்டை ஆட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டாள். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

உடம்புக்கு என்ன என்று மறைக்காமல் எழுது.

அக்கா,
ஆக்ஸிலியா


யாழ்ப்பாணம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. சாய்ந்துகொண்டு எழுதினால் எழுத்தும் சாயும்தானே. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன், பாருங்கள், நேராக இருக்கிறது. அம்மா என்னைவிட நல்ல சுகம். இங்கே எல்லோரிடமும் கதைத்து ஊரைப் பிடித்துவிட்டார்.

பக்கிள் கிடைத்த இடத்திலிருந்து சரிவின் கீழ்ப்பக்கமாகப் போங்கள். பெரிய கல் ஏதாவது தடுத்து நின்றால் அதன் மேல்பக்கத்தை முதலில் பாருங்கள். ஓடிவரும் சாமான் அங்கேதான் தங்கும். தட்டைத் தரையோடு ஒட்டி, மெதுவாக ஆட்டுங்கள். களைத்த காதுக்கு எந்தத் தட்டும் உதவாது. களைத்தால் பென்சன் அண்ணாவிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

கண்டுபிடித்ததும் மிஷினை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கை மட்டும் போதும்.

கேத்தரின் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

தங்கச்சி,
தமயந்தி


அடுக்கம்,
21 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சி தமயந்திக்கு,

உன் அத்தானை எடுத்துவிட்டோம்.

ஓடைக்கு மேலே யானை படுத்த மாதிரி ஒரு கல். அதன் மேல்பக்கத்தில் ஒரு சாண், இன்னொரு சாண், மூன்றாவது சாண். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, வேலுச்சாமி மேலேயிருந்து, "போதும்மா, ஏறி வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லோடு ஒட்டி ஓரமாகத் தட்டைவிட்டேன். பெரிய தட்டு அங்கே நுழைந்திருக்கவே நுழையாது. அந்தச் சத்தம் கேட்டது. இடமிருந்து ஆட்டினாலும் வலமிருந்து ஆட்டினாலும் அதே இடத்தில், அதே சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷினை அணைத்தேன். பென்சனும் நானும் கையால்தான் மண்ணை எடுத்தோம்.

பிளேட், ஸ்குரு, அவை பிடித்திருந்த எலும்பு. மற்றவையும் அங்கேயேதான் இருந்தன. போலீஸ் வந்தார்கள், தாசில்தார் வந்தார். பெரியகுளம் ஆஸ்பத்திரியில் பழைய எக்ஸ்ரேயை வைத்துப் பார்த்து அவர்தான் என்று சொல்லிவிட்டார்கள். போன புதன்கிழமை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஊரே வந்தது. குமுளியில் பார்த்ததாகச் சொன்னவரும் மாலையோடு வந்து நின்றார்.

கேத்தரின் பெட்டியைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஜெபத்துக்கெல்லாம் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும், "அப்பாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் இல்லை என்றேன். என் மடியில் படுத்து அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் தலை என் மடியில் இருந்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அடக்கம் முடிந்து சேதி சொல்லப் பெருமாள்மலைக்குப் போனேன். இந்தத் தடவை சின்னம்மாவே ஃபோனை எடுத்தாள். அழுது முடித்துவிட்டு, தமயந்தி எங்கே என்றேன். "அவ இப்பத்தான் நடந்து பழகுறா, அங்கிட்டுக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து ஃபோனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். படுத்த படுக்கையில் இருந்துகொண்டு எனக்குச் சின்னத் தட்டு வாங்கச் சொல்லியிருக்கிறாய்.

எந்தக் கால் தமயந்தி? எவ்வளவு போயிற்று? இந்த முறை உடம்பைப் பற்றி மட்டும் எழுது. கிறிஸ்துமஸ் லீவுக்கு நானும் கேத்தரினும் வருகிறோம். பாஸ்போர்ட்டுக்கு மதுரையில் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவோம்.

அக்கா,
ஆக்ஸிலியா


கிளிநொச்சி,
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கால். முழங்காலுக்குக் கீழே.

ஏப்ரல் கடைசியில், வேலை முடிந்து திரும்பும்போது நடந்தது. நாங்கள் தினமும் நடக்கிற வழிதான். வெள்ளம் எங்கிருந்தோ ஒரு வெடியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. யார் மேலும் பிழை இல்லை. எனக்குப் பின்னால் வந்த பெண்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைத்தான் கேட்டேனாம், அம்மா சொல்கிறார்.

உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் மிஷினைப் போட்டுவிட்டு இங்கே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். மழைக்கு முந்தி அத்தானை யார் எடுப்பது? உங்கள் கடிதம் வந்தபோது நான் யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். அம்மாதான் சத்தமாக வாசித்தார். ஆணி இறைந்த இடத்தில் பிளேட்டை எப்படிக் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கினேன். அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன். உங்களுக்காக மறைத்தேன் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். கால் போனது தெரியாத ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

அத்தானை அடக்கம் செய்த சேதி கேட்டு அம்மா விளக்கேற்றினார். நான் ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நின்றேன்.

புதுக் கால் வந்துவிட்டது. உள்ளே ஒரு குழாயும் நாலைந்து ஸ்குருவும் உலோகம். ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கொடுக்கிற வேலை தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். வேண்டாம், என் பாதையில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றேன். சரி, சோதனைக்கு வந்து எடுத்துக் காட்டு என்றார்கள்.

முதல் நாள் பெரிய தலை, அதுதான் நீங்கள் சொல்லும் தட்டு, பூட்டின மிஷினைத் தந்தார்கள். முழங்காலில் இருந்து ஆட்டினால், ஒவ்வொரு வீச்சிலும் என் காலையே சொல்லிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சின்னத் தலையைப் பூட்டித் தரச் சொல்லிக் கேட்டு, கம்பை ஒரு சாண் நீட்டிப் பிடித்தேன். கால் வாயை மூடிக்கொண்டது. புதைத்து வைத்திருந்தவை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். நேரம் மற்றவர்களைவிடக் கூடத்தான் ஆனது. பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நாளை மறுநாள் வேலைக்கு இறங்குகிறேன். அம்மா என்னோடு கதைப்பதில்லை. ஆனால் சோற்றுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

டிசம்பரில் வாருங்கள். கேத்தரினுக்குக் குளிர் உடுப்பு வேண்டாம், மழைக்குக் குடை போதும். நீங்கள் வருகிற அன்று லீவு கேட்க மாட்டேன். பகலில் அம்மாவோடு இருங்கள். பின்னேரம் லொறி சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வருவேன். யாரும் எதிரில் வந்து கையைப் பிடிக்க வேண்டாம், வாசலில் நின்று பாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
தமயந்தி